கிடார் கழுத்தில் சாய்வு ஒட்டு: மொட்டை மாடிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு மேசை போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கிடார் கழுத்து செய்கிறேன். சோறு போடும் வேலை வேறு, இது பைத்தியம். இதுவரை ஐந்து கழுத்து. மூன்று இப்போதும் நன்றாக இருக்கின்றன. நான்காவதைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். முதலாவது ஒரு போகிக்கு எரிந்தது. எல்லாவற்றிலும் தலைப் பகுதியைத் தனியாக வெட்டி, சாய்த்து, பசையால் ஒட்டியதுதான். பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. சார், தலை எதுக்குப் பின்னாடி சாயணும்? நேரா விட்டா என்ன?

கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டைதான் நட்டு. கம்பி, நட்டின் பள்ளத்தில் அழுந்தி உட்கார வேண்டும். உட்காராவிட்டால் விரல் வைக்காத திறந்த கம்பியை மீட்டும்போது கிர்ரென்று அதிரும், பள்ளத்தை விட்டு நழுவவும் செய்யும். தலை பின்னால் சாய்ந்திருந்தால் கம்பி நட்டைத் தாண்டியதும் கீழே இறங்கும். அந்த இறக்கமே அழுத்தம் கொடுத்துவிடும்.

நேராகவும் விடலாம். அமெரிக்க கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1950 வாக்கில் அப்படித்தான் செய்தார்: ஒரே மேப்பிள் பலகை, தலையின் முகத்தை மட்டும் சில மி.மீ. தாழ்த்திவிட்டு, மெல்லிய கம்பிகளை அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன உலோகக் கொக்கி. தொழிற்சாலைக்கு அது சுலபம். நமக்கும் சுலபம்தான், ஒட்டே வேண்டாம். ஆனால் கிளாசிக்கல் கிடாரோ, அக்கூஸ்டிக்கோ, கிப்சன் கம்பெனி பாணி எலக்ட்ரிக்கோ செய்ய ஆசை என்றால் சாய்வு வேண்டும்.

2. ஒரே கட்டையில செதுக்கிட்டா பலமா இருக்குமே. வெட்டி ஒட்டினா வீக் ஆயிடாதா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்கிற தொனியிலேயே 'ஒட்டு' என்ற சொல்லின் மேல் ஒரு இளக்காரம் இருக்கும். வீணையில் ஏகாண்டம் என்றால், அதாவது ஒரே பலாக்கட்டையில் குடைந்தது என்றால், மரியாதை. ஒட்டு வீணை என்றால் ஒரு படி கீழே. அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடுகிறோம். கிடார் தலையில் கணக்கு தலைகீழ்.

மரத்தின் நார் கழுத்தின் நீளத்தோடு ஓடுகிறது. ஒரே கட்டையில் 14 டிகிரி சாய்த்துச் செதுக்கினால் தலை திரும்புகிறது, நார் திரும்புவதில்லை. அது நேராகவே போய் தலையின் பின்பக்கம் வெளியே வந்துவிடும். நட்டுக்குப் பின்னால் கழுத்து மிக மெலிந்திருக்கும் இடத்தில் மிஞ்சுவது ஓரிரு அங்குல நீளத்துக் குட்டை நார்கள்தான். விறகு பிளக்கிறவர் கோடரியை எந்தத் திசையில் போடுவாரோ, அந்தத் திசையில் பிளவுக்கு வழி போட்டுத் தந்திருக்கிறோம். கிடார் ஒருமுறை மல்லாக்க விழுந்தால் போதும். தலையைத் தனித் துண்டாகச் சாய்த்து ஒட்டினால், கழுத்தின் நார் கழுத்தோடும் தலையின் நார் தலையோடும் முழு நீளம் ஓடும். இரண்டும் சந்திக்கும் ஒட்டு, நாரும் நாரும் ஏறக்குறைய பக்கவாட்டில் ஒட்டுவது. நல்ல பசை போட்டால் மரத்தை விட அது பலம்.

மரச் செலவும் இருக்கிறது. 180 மி.மீ. நீளத் தலையை ஒரே கட்டையில் எடுக்க சுமார் 60 மி.மீ. கனமுள்ள கட்டை வேண்டும். முக்கால்வாசி சீவலாகத் தரையில் கிடக்கும். ஒட்டு முறையில் ஒரு அங்குலப் பலகை போதும்.

3. எத்தனை டிகிரி வைக்கலாம்?

நான் வைப்பது 14. காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை: நீளத்தில் 100 மி.மீ., உயரத்தில் 25 மி.மீ. என்று நாலுக்கு ஒன்று கோடு போட்டால் சரியாக 14 டிகிரி வந்துவிடும். கோணமானியே வேண்டாம், ஒரு மூலைமட்டமும் ஸ்கேலும் போதும். ஆப்பு வெட்டும்போதும் இதே நாலுக்கு ஒன்று உதவும் (கேள்வி 9).

13 முதல் 15 வரை எதுவும் நன்றாக இருக்கும். கிப்சனின் பழைய வழக்கம் 17. கோணம் கூடக்கூட நட்டில் உராய்வு கூடும், பெட்டியில் மல்லாக்க வைக்கும்போது தலை முதலில் இடிபடும், ஒட்டின் நீளமும் குறையும். 20 மி.மீ. கனப் பலகையில் 17 டிகிரிக்கு ஒட்டின் முகம் 68 மி.மீ., 14 டிகிரிக்கு 83 மி.மீ. பசை பிடிக்கும் பரப்பு அவ்வளவு கூடுதல்.

4. என்ன மரம் வாங்கலாம், சென்னையில எங்க கிடைக்கும்?

மகோகனி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். உளிக்கு இசைந்து கொடுக்கும், அதிகம் முறுக்காது, பசை நன்றாகக் குடிக்கும். அடுத்தது தேக்கு. மேப்பிள் இறக்குமதி, விலை கடிக்கும். ரப்பர் மரத்தில் விரல் கோத்த மாதிரி துண்டுகளை இணைத்த பலகை வருகிறதே, அது வேண்டாம். உங்கள் ஒட்டு எங்கே விழுகிறதோ அங்கேயே அவர்கள் ஒட்டும் வந்து நிற்கும்.

சூளை, சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் மரக்கடைகளில் கேட்கலாம். எனக்குப் பிடித்தது இடித்த வீட்டு மரம். பழைய வீடுகளின் நிலை, உத்திரம், ஜன்னல் சட்டம் எல்லாம் பர்மா தேக்கு என்று வரும். ஐம்பது அறுபது வருஷம் சென்னைக் காற்றைக் குடித்து, இனி அசைவதற்கு ஒன்றுமில்லை என்று அடங்கிப்போன மரம். ஆணி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தை மெதுவாக ஓட்டினால் காட்டிக்கொடுக்கும். என் முதல் கழுத்துக்கு ஒரு கடையில் 'நல்லா காஞ்சது தம்பி' என்று சொல்லிக் கொடுத்த புது மரம், இரண்டு மாதத்தில் வாழைப்பழம் மாதிரி வளைந்தது. போகிக்குப் போனது அதுதான்.

5. எவ்வளவு வாங்கணும்?

மூன்று அடி நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம். கன அடிக் கணக்கில் இது பதினாறில் ஒரு பங்கு, கடைக்காரர் சிரிப்பார். 'துண்டு இருக்காண்ணே' என்று கேளுங்கள், மூலையில் இருந்து எடுத்துக் கொடுப்பார். இழைத்த பிறகு 21, 22 மி.மீ. நிற்கும், அது போதும்.

பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் கனத்தின் திசையில் நின்றவாக்கில் இருந்தால் நல்லது. கழுத்து குறைவாக வளையும். கணு, அலையும் நார், வேர்ப்பக்கச் சுழி எதுவும் நட்டு வரும் இடத்தில் இருக்கக் கூடாது.

6. மெஷின் இல்ல ப்ரோ. கை ரம்பத்துலயே வெட்ட முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் வெட்டுகிறேன், பத்து நிமிஷ வேலை. பலகையின் இரண்டு பக்கத்திலும் நாலுக்கு ஒன்று கோடு, மேலேயும் கீழேயும் குறுக்குக் கோடு. ஒரு பக்கம் கொஞ்சம் அறுத்து, திருப்பி மறுபக்கம் கொஞ்சம் அறுத்து, மாற்றி மாற்றிப் போனால் ரம்பம் வழி தவறாது. கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுங்கள், மிச்சத்தை இழைப்புளி பார்த்துக்கொள்ளும். மேசை ரம்பத்தில் இவ்வளவு நீளமான பலகையைச் சாய்த்துத் தள்ளுவது, சரியான பிடிமானச் சட்டம் இல்லாமல், விரலோடு விளையாட்டு.

7. வெட்டிட்டேன். இப்ப எதை எதுல ஒட்டணும்? தலை சுத்துது.

எல்லோருக்கும் சுற்றும். ஒரு துணி சோப்புக் கட்டியை வாங்கிக் கத்தியால் சாய்வாக வெட்டிப் பாருங்கள். பேப்பரில் நான் வரைந்து காட்டிய எதையும் விட அந்த ஐந்து ரூபாய்ச் சோப்பு வேகமாகப் புரியவைக்கிறது. வெட்டிய சின்னத் துண்டைக் குப்புறக் கவிழ்த்து, நீளத் துண்டோடு சேர்த்து நகர்த்துங்கள். தலை சாய்ந்து நிற்கிற நிலை இரண்டு மட்டுமே வரும்.

முதல் நிலை: நீளத் துண்டின் சாய்வு மேலே பார்க்கும், கத்தி முனை போன்ற ஓரம் கீழே, முதுகுப் பக்கம் இருக்கும். அந்தச் சாய்வின் மேல் தலைத் துண்டின் தட்டையான முகம் ஒட்டும். தலைத் துண்டின் சொந்தச் சாய்வு கழுத்தின் மேல் முகத்தோடு ஒரே மட்டமாகச் சேர்ந்துகொள்ளும். ஒட்டு, நட்டுக்கு நேர் பின்னால் முதுகில் தொடங்கி, முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டுக்கு (குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) கீழே கழுத்துக்குள் ஓடும். மேலே ஃப்ரெட்போர்டு, அதாவது ஃப்ரெட் பதித்த பலகை, வந்து மூடிவிடும். தலையின் முகத்தில் கோடே தெரியாது.

இரண்டாம் நிலை: இதிலும் நீளத் துண்டின் சாய்வு மேலே பார்க்கும்; ஆனால் அந்தச் சாய்வே தலை முகத்தின் முதல் பகுதி. தலைத் துண்டின் சாய்வு, கழுத்தின் முதுகில் ஒட்டும். ஒட்டு தலைக்குள் விழும், முகத்தில் குறுக்கே ஒரு கோடு தெரியும். அதன் மேல் ஒரு மெல்லிய ஈட்டி மரத்தகடு ஒட்டி மறைப்பது வழக்கம். நான் முதல் நிலையைச் செய்கிறேன், தகடு ஒட்டும் வேலை மிச்சம். தகடு ஒட்டப் பிடிக்கும் என்றால் இரண்டாவது உங்களுக்கு.

8. ரம்பத்துல வெட்டின முகத்தை அப்படியே ஒட்டலாமா?

கூடாது. இந்த முழு வேலையிலும் நேரம் கொட்ட வேண்டிய ஒரே இடம் இது. பசை இடைவெளியை நிரப்பும் சாமான் இல்லை.

இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். இரண்டின் சாய்வும் படிக்கட்டு இல்லாமல் ஒரே சறுக்கு மரமாகத் தொடர வேண்டும். ஜி கிளாம்பால் இறுக்கி, கூர்தீட்டிய இழைப்புளியால் இரண்டையும் சேர்த்தே மேலிருந்து கீழாக இழையுங்கள். கீழ்முனை காகிதமாக மெலிந்திருக்கும், கிழியும். அடியில் ஒரு வேண்டாத பலகையைக் கொடுத்தால் தாங்கும். உப்புத்தாளை மட்டும் கையில் பிடித்துத் தேய்க்காதீர்கள், ஓரங்கள் உருண்டுவிடும். தாள்தான் வேண்டும் என்றால் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, மரத்தை அதன் மேல் தேயுங்கள். முதல் நிலையில் தலைத் துண்டின் தட்டை முகமும் ஒட்டும் முகம்தான். அதையும் இழைக்க மறக்காதீர்கள்.

எப்போது போதும்? இரண்டையும் கையால் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்குங்கள். வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது. பிறகு ஒரு முகத்தில் பென்சிலால் கிறுக்கி, இன்னொன்றை வைத்துச் சின்னதாகத் தேய்த்து எடுத்தால், கிறுக்கல் எல்லா இடத்திலும் மங்கியிருக்க வேண்டும். நடுவில் மட்டும் பளிச்சென்று நின்றால் நடுவில் குழி. எனக்கு இதற்கு ஒரு முழுப் பகல் போகும்.

9. அண்ணே, கிளாம்ப் இறுக்கும்போது தலை வழுக்கிட்டே போகுது!

வழுக்கத்தான் செய்யும். கிளாம்ப் பிடிக்கும் முகமும் ஒட்டும் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை, 14 டிகிரி வித்தியாசம். நடுவில் ஈரப் பசை. இறுக்க இறுக்க, சோப்பு கையை விட்டு நழுவுகிற மாதிரி ஓடும். என் இரண்டாவது கழுத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு கிளாம்பைப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் பார்த்தால் தலை ஒரு நூல் கீழே இறங்கி, பக்கவாட்டிலும் கோணியிருந்தது. ஒரு நூல் என்றால் மூன்று மி.மீ. பலகையில் அகலம் மிச்சம் இருந்ததால் அந்தக் கழுத்து பிழைத்தது.

இப்போது மூன்று காரியம் செய்கிறேன். முதலில், பசை போடாமல், ஒரு துண்டின் ஒட்டும் முகத்தில் ஓரமாக இரண்டு மெல்லிய ஆணி அடித்து, 2 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஆணியின் தலையை நறுக்கிவிடுவேன்; மறுதுண்டை அழுத்தினால் ஆணி தன் குழியைத் தானே போட்டுக்கொள்ளும். பலகை அகலம் 75 மி.மீ., நட்டில் கழுத்து அகலம் 43 மி.மீ.தான். வெட்டி எறியப் போகிற ஓரத்தில்தான் ஆணி, ஆகவே தடயம் இருக்காது. அடுத்து, அதே நாலுக்கு ஒன்று சாய்வில் ஒரு ஆப்பு வெட்டி கிளாம்புக்கும் மரத்துக்கும் இடையில் கொடுப்பேன். கிளாம்ப் பிடிக்கும் முகம் ஒட்டும் முகத்துக்கு இணையாகிவிடும். கடைசியாக, தலை ஓடாதபடி அதன் முனையில் ஒரு தடுப்புக் கட்டையை அடியில் இருக்கும் பிளைவுட்டோடு திருகிவிடுவேன்.

ஆணி அடிக்க மனமில்லாதவர்கள் பசையின் மேல் நாலைந்து உப்புக் கல் தூவுவார்கள். வேடிக்கையாக இருந்தாலும் பிடிக்கிறது. பொடி உப்புதான், கல்லுப்பு இல்லை.

மேசையில் வைக்கும் விதம்: தலைத் துண்டு ஒரு தட்டையான பிளைவுட் மேல் படுத்திருக்க, கழுத்து சாய்ந்து எழும்பி நிற்கும். எழும்பிய முனைக்கு இரண்டு செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்தால் கச்சிதம். பசை படும் இடத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் பால் கவர். இல்லையென்றால் மேசையோடு சேர்ந்த கிடார்தான்.

10. ஃபெவிகால் போதுமா? இல்ல அரால்டைட் போடணுமா?

தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை போதும், முகங்கள் கேள்வி 8-இல் சொன்னபடி பொருந்தியிருந்தால். புது டப்பா வாங்குங்கள். போன வருஷக் கெட்டியானது வேண்டாம். சாய்வாக அறுத்த முகம் கொஞ்சம் குடிக்கும். முதலில் மெல்லிய பூச்சு பூசி ஐந்து நிமிஷம் விட்டு, மேலே இன்னொரு பூச்சு. இறுக்கியதும் நான்கு ஓரத்திலும் முத்து முத்தாகக் கசிய வேண்டும்.

அரால்டைட் மாதிரியான எப்பாக்சியில், நேரம் எடுத்து இறுகும் வகையும் நல்லது. அதில் தண்ணீர் இல்லாததால் மரம் ஊறாது, சின்ன இடைவெளியையும் மன்னிக்கும். சென்னை வெயிலில் கலந்த கலவை சீக்கிரம் சூடாகிக் கெட்டியாகும். மே மாதம் விடியற்காலையில் செய்யுங்கள். ஐந்து நிமிஷத்தில் இறுகும் வகையை மட்டும் இந்த இடத்தில் போடாதீர்கள்.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. இழைத்த அன்றே ஒட்டுங்கள், ஒட்டுவதற்கு முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து ஆறவிடுங்கள். இழைத்துவிட்டு ஒரு வாரம் வைத்திருந்தால் அந்த எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

11. தாத்தா காலத்து வஜ்ஜிரம் போட்டா இன்னும் பெட்டர்னு சொல்றாங்களே?

தப்பில்லை. வஜ்ஜிரம், அதாவது தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை, காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும், பாரத்தில் மெல்ல நகராது. ஆனால் சூடாக இருக்கும்போதே சில நொடிகளில் சேர்த்துவிட வேண்டும். ஆணி, ஆப்பு, செங்கல் என்று நாம் நடத்தும் கூத்துக்கு அது காத்திருக்காது. ஈரமும் அதற்கு ஆகாது. கை பழகியவர்களுக்கு விட்டுவிடலாம்.

12. எவ்வளவு நேரம் கிளாம்ப்ல வைக்கணும்?

ஒரு முழு நாள். மழைக்காலத்தில் இரண்டு. அதற்குப் பிறகும் ஒரு வாரம் சும்மா வையுங்கள். வெள்ளைப் பசையின் தண்ணீர் ஒட்டை ஒட்டிய மரத்தை உப்பச் செய்திருக்கும். உப்பியிருக்கும்போதே இழைத்து மட்டம் செய்தால், காய்ந்ததும் ஒட்டு ஓடும் இடத்தில் சின்னப் பள்ளம் விழும். விரலுக்குத் தெரியாது, வார்னிஷ் பூசிய பிறகு வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்.

13. ஐப்பசி, கார்த்திகையில செய்யலாமா?

ஒட்டலாம், அவசரப்படாமல். அந்த மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். அதை விட முக்கியம், இரண்டு துண்டும் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும். ஒன்று ஏசி அறையிலும் ஒன்று மாடியிலும் கிடந்திருந்தால், ஒட்டிய பிறகு ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு வாரம் பீரோ மேல் வைத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

14. ஒட்டு பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கம்பி இழுவை தாங்குமா?

கழுத்தைச் சோதிக்காதீர்கள், துண்டைச் சோதியுங்கள். அதே பலகையின் மிச்சத்தில், அதே நாளில், அதே பசையில் ஒரு சின்ன ஒட்டு போட்டு வையுங்கள். இரண்டு நாள் கழித்து வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடியுங்கள். மரம் கிழிந்து, பசைக் கோட்டில் நார் ஒட்டிக்கொண்டிருந்தால் தேர்ச்சி. இரண்டு முகமும் வழவழவென்று பிரிந்து வந்தால், முகம் சரியில்லை அல்லது பசை சரியில்லை. கழுத்தையும் அப்படியே நம்ப வேண்டாம்.

இழுவை என்று பார்த்தால், 10 நம்பர் எலக்ட்ரிக் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 46 கிலோ, 12 நம்பர் அக்கூஸ்டிக் கம்பி சுமார் 74 கிலோ, நைலான் சுமார் 40 கிலோ. நல்ல ஒட்டுக்கு இது பெரிய பாரம் இல்லை. அதற்கு எதிரி வேறு, கேள்வி 19.

15. நட்டு கோடு போட்டுட்டு இழைச்சேன், கோடு இடம் மாறிடுச்சு. எப்படி?

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கழுத்து ஆனது. கழுத்தின் முகமும் தலையின் முகமும் சந்திக்கும் விளிம்புதான் நட்டின் இடம். சாய்வு நாலுக்கு ஒன்று. அப்படியென்றால் ஃப்ரெட்போர்டு ஒட்டும் முகத்தில் 1 மி.மீ. இழைத்தால் அந்த விளிம்பு தலைப் பக்கமாக 4 மி.மீ. ஓடும். தலையின் முகத்தில் 1 மி.மீ. இழைத்தால் உடல் பக்கமாக அதே அளவு வரும்.

ஆகவே இரண்டு முகத்தையும் இழைத்து முடிக்கும் வரை நட்டு, ஃப்ரெட், டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகக் கம்பி) எதற்கும் கோடு போடாதீர்கள். ஏற்கெனவே போட்டு, விளிம்பு தலைப் பக்கம் ஓடியிருந்தால், தலை முகத்தைக் கால் மி.மீ. கால் மி.மீ.யாக இழைத்துத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். தலையின் கனம் 14, 15 மி.மீ.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

16. டிரஸ் ராட் பள்ளம் ஒட்டை வெட்டிட்டுப் போகுமே, பரவாயில்லையா?

பரவாயில்லை. ஒட்டி, காய்ந்து, இழைத்த பிறகு பள்ளம் போடுங்கள். 6 மி.மீ. அகலப் பள்ளம் போனாலும் இரு பக்கமும் ஒட்டு நிறைய மிச்சமிருக்கிறது. பயப்பட வேண்டியது ஆழத்துக்கு. முதல் ஃப்ரெட் இருக்குமிடத்தில் ஃப்ரெட்போர்டு நீங்கலாக மரம் 15 மி.மீ.தான் நிற்கும். 10 மி.மீ. பள்ளம் எடுத்தால் அடியில் 5. முதுகை இன்னும் கொஞ்சம் மெலிசாக்கலாமே என்று அரத்தை ஓட்டினால் ஒரு நாள் பள்ளத்தின் அடி எட்டிப் பார்க்கும். திருகும் முனையை உடல் பக்கம் வைத்தால் நட்டுக்குப் பின்னால் குழி தோண்டும் வேலையே இல்லை. நான் அப்படித்தான் வைக்கிறேன்.

17. மூணு அங்குலப் பலகையில என் டிசைன் தலை அடங்கல.

இரண்டு பக்கமும் காது ஒட்டுங்கள். அதே பலகைத் துண்டு, அதே நார்த் திசை, இழைத்த ஓரம். சாய்வு ஒட்டு முடிந்து தலையை மட்டம் செய்த பிறகு செய்ய வேண்டியது. அங்கே வரும் பாரம் சொற்பம், சாதாரண ஒட்டு போதும்.

18. காஞ்சதும் பார்த்தா ஓரத்துல ஒரு முடி அளவு கேப் தெரியுது. பிரிக்கணுமா?

எந்த ஓரம் என்பதைப் பொறுத்தது. தலைத் துண்டின் கத்தி முனை ஓரத்தில், கழுத்தின் மேல் முகத்தில் மட்டும் என்றால் அது அழகுப் பிரச்சினை. ஃப்ரெட்போர்டு மூடிவிடும். பக்கவாட்டில் என்றால் சவரப் பிளேடை நுழைத்துப் பாருங்கள். வெட்டி எறியும் பகுதிக்குள்ளேயே நின்றுவிட்டால் கவலையில்லை. கழுத்தின் 43 மி.மீ.க்குள் நுழைகிறதா, பிரியுங்கள்.

வெள்ளைப் பசை சூட்டில் இளகும். இஸ்திரிப் பெட்டியை ஈரத்துணி மேல் வைத்துச் சூடு ஏற்றி, மெல்லிய தகட்டுக் கத்தியை ஓரத்தில் இருந்து தள்ளிக்கொண்டே போனால் பிரியும். பொறுமை இல்லாதவர்கள் பசைக் கோட்டிலேயே ரம்பம் போட்டு அறுத்து, மறுபடி கேள்வி 8-க்குப் போகலாம். கழுத்து சில மி.மீ. குட்டையாகும், மூன்று அடிப் பலகை வாங்கச் சொன்னது இதற்கும்தான். இடைவெளியில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைப்பது கதவு நிலைக்குச் சரி.

19. கார்ல வச்சிட்டுப் போனா ஒட்டு விட்டுடும்னு பயமுறுத்தறாங்களே, நிஜமா?

நிஜம், எனக்கு நடந்தது. மே மாதம், கிண்டியில் ஒரு கல்யாணம். கம்பி முழு இழுவையில் இருக்க, கிடாரைக் காரின் பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். மூடிய கார் சென்னை வெயிலில் 60 டிகிரி செல்சியஸ் தாண்டுவது சாதாரணம். வெள்ளைப் பசை இளகத் தொடங்குவதும் அந்தச் சூட்டில்தான். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒன்றும் உடையவில்லை. ஆனால் கழுத்தின் முதுகில் நகத்தை ஓட்டினால், ஒட்டுக் கோட்டில் நகம் தட்டியது. அரை மி.மீ. படி. கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு உயரவும் செய்திருந்தன.

பிரித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. நடுவில் பசை தடிமனாக, தகடு மாதிரி நின்றிருந்தது. அந்தக் கழுத்தில் பென்சில் சோதனையை அரைகுறையாக விட்டிருந்தேன். பசை மெலிசாக இருக்கும் ஒட்டு இதே சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனாலும் வெயிலில் நிற்கும் காரில் கிடாரை விடாதீர்கள், கடையில் வாங்கியதாக இருந்தாலும்.

20. ஒட்டு இருந்தா நாதம் கெடுமா?

என் காதுக்குக் கெடவில்லை. எந்தக் கழுத்து ஏகாண்டம், எது ஒட்டு என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நட்டின் பள்ளம் சரியாக வெட்டாததால் கெடுவது நிறைய.

21. எங்க ஏரியா ஆசாரிகிட்ட குடுத்துச் செய்யச் சொல்லலாமா?

தாராளமாக. இழைப்புளியில் அவர் கை நம் கையை விட நூறு மடங்கு சுத்தம். என் மூன்றாவது கழுத்தின் முகத்தை இழைத்தது ஓட்டேரியில் இருக்கும் ஒரு பெரியவர்தான். நான் ஒரு பகல் தடவுகிற வேலையை, பீடி அணைவதற்குள் முடித்துவிட்டார். இரண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்று, 'ஆணி, ஸ்குரூ எதுவும் வேணாம் மேஸ்திரி, பசை மட்டும்தான்'. சொல்லாவிட்டால் பாசத்தில் இரண்டு ஸ்குரூ இறக்கிவிடுவார், அது சரியாக டிரஸ் ராட் வரும் இடத்தில் இருக்கும். இரண்டு, அவர் கணக்கில் ஒரு நூல் முன்னப் பின்ன என்பது சுத்தமான வேலை. கதவுக்கு அது சரி. இங்கே முகத்தின் மட்டத்தில் கால் மி.மீ. கூட விட முடியாது என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டுங்கள். சொன்னால் கோபப்படுவார், காட்டினால் புரிந்துகொள்வார்.

22. கழுத்துப் பக்கவாட்டுல ஒட்டுக் கோடு தெரியுது. பார்க்கறவங்க 'உடைஞ்சு ஒட்டினதா'ன்னு கேக்கறாங்க. மறைக்க முடியாதா?

கறுப்புச் சாயம் பூசினால் மறையும். ஒரே பலகையில் இருந்து எடுத்து, கவிழ்த்து ஒட்டினால் நிறம் பொருந்தும், கோடு மெலிதாகத்தான் தெரியும். அதையும் தாண்டித் தெரிந்தால் இன்னொரு வழி: ஒட்டுவதற்கு முன் நடுவில் ஒரு மெல்லிய கறுப்பு மரத்தகடு கொடுத்துவிடுங்கள். ஒட்டு, வேண்டுமென்றே போட்ட கோலமாகிவிடும். தகடு வைத்தால் இரண்டு பசைக் கோடு. இரண்டுக்கும் கேள்வி 8 உண்டு.

என் ஐந்தாவது கழுத்தில் எதுவும் மறைக்கவில்லை. முதல் ஃப்ரெட்டுக்குப் பின்னால் தேக்கின் ரேகை ஒரு சாய்கோட்டில் சட்டென்று திசை மாறும். கட்டை விரல் அங்கேதான் உட்காரும். தடவினால் ஒன்றும் தெரியாது.